வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் முதன்முதலாகக் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பது எப்படி என்பதாகும். நன்னீர்த் தொட்டியில் பொன்மீனும் கப்பி மீனும் வளர்ப்போரை ஊர்தோறும் காண்கிறோம். ஆனால் கடல்நீரைக் கண்ணாடிக்குள் தேக்கி, அதில் கடல்மீனை வாழவைப்போர் மிகச் சிலரே. இதற்குச் செலவு ஒரு காரணம். அறியாமை மற்றொரு காரணம். செலவை ஓரளவுதான் குறைக்க இயலும். அறியாமையையோ முற்றிலும் நீக்கிக்கொள்ளலாம். அறியாமல் தொடங்குவோரின் தொட்டியில் மீன்கள் ஒரு திங்களுக்குள் மடிந்துபோகின்றன. மடிவது ஓர் உயிர். அதுவும் பெரும்பாலும் ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து பிடித்துவரப்பட்ட உயிர். ஆகையால் இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று; அறிவியலையும் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பேச்சு.

நான் வாழும் பெருமுக்கல், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், ஒரு பாறை மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இம்மலைக் கோட்டைக்காகப் போரிட்டனர். ஊர் வறண்ட நிலத்தில் இருந்தாலும் கடல் தொலைவில் இல்லை. சாலை முடியுமிடத்தில் மரக்காணத்து உப்பளங்களும், அவற்றையடுத்துக் கழுவெளியும், அதற்கப்பால் வங்கக் கடலும் இருக்கின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் என் வீட்டு நடைக்கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்துக் காத்துவருகிறேன். அதைக் காணவரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளே இன்றைய பேச்சுக்கு அடிப்படை.

முதலில் சிறிது வரலாறு. கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராயும் முறையைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண்மணி என்பதை மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டும். பிரான்சில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ழான் வில்ப்ரே பவர் என்பார், 1832ஆம் ஆண்டளவில் இத்தகைய தொட்டிகளைச் செய்து, ஆர்கோநாட் என்னும் ஓட்டுக் கணவாயை வளர்த்தார். அது தன் ஓட்டைத் தானே உருவாக்கிக்கொள்கிறது, பிற உயிரிடமிருந்து கவர்வதில்லை என்று அவர் நிறுவினார். 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற மற்றொரு பெண்மணி, கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டன் நகருக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். அக்காலத்தில் மின்சாரக் காற்றுக்குழாய் ஏது? அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று, அந்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1853இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையறிஞர் இக்கலையைப் பற்றி எழுதிய நூல், இங்கிலாந்தெங்கும் பெரும் ஆர்வத்தை மூட்டியது. மக்கள் கூடைகளுடன் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குட்டைகளில் வாழ்ந்த உயிர்களை அள்ளிச் சென்றனர். சில பத்தாண்டுகளில் அக்கரைகள் வெறுமையாயின. 1907இல் வெளியான தம் நூலில் காஸின் மகனே இதனை வருத்தத்துடன் குறிப்பிட்டார். அறிவை வளர்க்கப் பிறந்த ஒரு கலை, அறிய வேண்டிய பொருளையே அழிக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடி சென்னை நகரமே. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டு ஒரு கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் பொது மீன்காட்சியகம் என்று இதனைக் கூறுவர். 1919இல் மீன்துறையின் பொறுப்புக்கு வந்த இக்காட்சியகம், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் 1942இல் மூடப்பட்டது. பம்பாயில் தாராபோரேவாலா மீன்காட்சியகம் 1951இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே கடலைக் கண்ணாடி வழியே காணும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். நாம் அறிய வேண்டியவற்றுள் முதலாவது நீர். ‘கிணற்று நீரில் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா?’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆகாது. ஏன் ஆகாது என்பதை மரக்காணத்து உப்பளமே நமக்குக் கற்பிக்கும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 27 கிராம் மட்டுமே நாம் உணவில் சேர்க்கும் சோடியம் குளோரைடு. எஞ்சிய 8 கிராமில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் அடங்கும். உப்பளப் பாத்தியில் இந்நீர் வெயிலில் வற்றும்போது எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படிவதில்லை. போமே என்பவர் 1768இல் வகுத்த அடர்த்தி அளவின்படி கடல்நீர் ஏறத்தாழ மூன்றரைப் பாகை இருக்கும். அது வற்றி அடர்த்தி மிகும்போது முதலில் சுண்ணாம்புப் பொருளும், பதின்மூன்று பாகையளவில் ஜிப்சமும் படிகின்றன. இருபத்தைந்து பாகையை எட்டியபின்னரே சோடியம் குளோரைடு படியத் தொடங்குகிறது. முப்பது பாகையை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை உப்பளத்தார் வெளியேற்றிவிடுவர். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகின்றன.

ஆகவே நாம் கடையில் வாங்கும் உப்பு, கடலில் ஒரு பகுதியே. முழுக் கடல் அன்று. அதைக் கரைத்த நீரில் கடல்மீன் நெடுநாள் வாழாது. சாலெஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த நீர்மாதிரிகளில் 77ஐ டிட்மார் என்ற வேதியியலறிஞர் பகுத்தாய்ந்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், உப்புகளுக்கிடையே உள்ள விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்று 1884இல் அவர் நிறுவினார். கடலுயிர்களின் உடல் இந்த விகிதத்துக்கே பழகியது.

எனவே நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மீன்தொட்டிக்கென்றே எல்லா உப்புகளையும் விகிதப்படி கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்கி, தூய்மையாக்கிய நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைப்பது. மற்றொன்று, கடல்நீரையே கொண்டுவருவது. கடற்கரை அருகிலிருப்போர்க்கு இரண்டாவது வழி செலவு குறைந்தது. ஆனால் கவனம் மிகவும் வேண்டும். நான் முதன்முறை மரக்காணத்துக் கரைக்குப் பிளாஸ்டிக் குடங்களோடு சென்றபோது அங்கிருந்த மீனவர் ஒருவர், “ஐயா, இந்தக் கரைத் தண்ணி வேண்டாம். மண்ணும் கசடும்தான் வரும். நாங்க தொழிலுக்குப் போறப்போ உள்ளே ஆழத்துல மொண்டு வந்து தர்றோம். மழை பேஞ்ச பிறகு மட்டும் கேக்காதீங்க” என்றார். அவர் கூறியது முற்றிலும் அறிவியலோடு பொருந்துவது. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் கழுவெளியின் நீர் கடலில் கலப்பதால், கரையோரக் கடலின் உப்பளவு குறைந்துவிடுகிறது. ஆதலின் கோடையில், கழிமுகத்திலிருந்து விலகி, கரைக்கப்பால் எடுத்த நீரே ஏற்றது. அதனைத் துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இருளில் சில வாரங்கள் வைத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

எந்த வழியில் பெற்ற நீராயினும் அடர்த்திமானியால் அளந்தே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒப்படர்த்தி எண் 1.020க்கும் 1.025க்கும் இடையே இருத்தல் நலம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கையாண்ட அதே கருவிதான் இது. தேர்வுக்காகப் படித்த ஆர்க்கிமிடீசின் தத்துவம் இங்கே ஓர் உயிரைக் காக்கிறது.

இரண்டாவதாக அறிய வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழிலாளர் கூட்டம். தொடங்குவோரின் தொட்டியில் மீன் மடிவதற்குப் பெருங்காரணம், இக்கூட்டம் வந்து சேர்வதற்குமுன் மீனை விடுவதே. மீன் தன் உடலில் எழும் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியிடுகிறது. அம்மோனியா கொடிய நஞ்சு. கடல்நீரின் பி.எச். எண் 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அதன் காரத்தன்மையில் இந்நஞ்சு மேலும் கடுமையாகிறது. பெருங்கடலில் அது கரைந்து அகன்றுவிடும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அது எங்கே போகும்?

அதனை மாற்றுபவை நுண்ணுயிர்கள். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. நாம் அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றுவதன் மூலம் அதை அகற்றிவிடலாம். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞர் மண்ணிலிருந்து பிரித்துக்காட்டிய நுண்ணுயிர்கள் இவ்வினத்தவை. பயிர்த்தொழிலில் நிலத்தை வளமாக்குவதும் இதே வினைதான். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. மீன்தொட்டிகளில் அப்பணியைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். அறிவியலில் பெயர்கள் இவ்வாறு திருத்தம் பெறுவது இயல்பே.

இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் பரவிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் தொட்டியில் நீர் நிரப்பியபின் ஒரு சிறு இறால் துண்டை மட்டும் இட்டு அழுகவிட்டோம். அதிலிருந்து அம்மோனியா எழுந்தது. கடையில் கிடைக்கும் சோதனை மருந்துகளைக் கொண்டு, பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி இரண்டு நாளுக்கொருமுறை நீரைச் சோதித்து, வரைபடத் தாளில் புள்ளியிட்டு வந்தாள். முதலில் அம்மோனியாவின் கோடு ஏறி இறங்கியது. அது இறங்கும்போது நைட்ரைட்டின் கோடு ஏறியது. அதுவும் இறங்கி, இரண்டும் சுழியைத் தொட நாற்பது நாள் ஆயிற்று. அதுவரை தொட்டியில் ஒரு மீனும் இல்லை. வந்த உறவினரெல்லாம், “வெறும் தண்ணிக்கா இவ்வளவு செலவு?” என்று நகைத்தார்கள். “தாத்தா, இன்னும் எத்தனை நாள்?” என்று என் பேரன் நாள்தோறும் கேட்டான். “இந்தக் கோடு சொல்லும்” என்பதே நான் அவனுக்கு அளித்த விடை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், நகரக் கடையொன்றில் தொட்டியையும் உப்பையும் மீன்களையும் ஒரே நாளில் வாங்கிவந்தனர். அன்று மாலையே மீன்களைத் தொட்டியில் விட்டனர். இரண்டு வாரத்தில் ஒரு மீனும் எஞ்சவில்லை. அவ்வீட்டுச் சிறுவன் அழுத அழுகையைப் பார்த்தவர்களுக்கு, நாற்பது நாள் காத்திருப்பது பெரிய விலை என்று தோன்றாது.

மூன்றாவது, கலமும் கருவிகளும். சிறு தொட்டி எளிது என்று எண்ணற்க. நீரின் அளவு குறையக் குறைய, வெப்பமும் உப்பும் நஞ்சும் விரைவாக மாறும். 90 சென்டிமீட்டர் நீளமும், 45 அகலமும், 45 உயரமும் கொண்ட தொட்டி தொடக்கத்துக்குப் போதும். 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் அது ஏறத்தாழ 160 லிட்டர் நீரைக் கொள்ளும். செயற்கை உப்பாயின் 5 கிலோ 600 கிராம் வேண்டும். நீரும் கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் எடை 200 கிலோவுக்குக் குறையாது. ஆகையால் தாங்கும் மேசை உறுதியானதாய் இருத்தல் வேண்டும். உப்புநீர் படும் இடத்தில் எவ்வித உலோகமும் கூடாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் இறாலும் நத்தையும் மடிந்துவிடும்.

நீரைச் சுழலவைக்க ஒரு சிறு மோட்டாரும், காற்றேற்ற ஒரு காற்றுக்குழாயும், வடிகட்டியும், வெப்பமானியும் தேவை. காற்றேற்றம் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே இன்றியமையாதது. 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். கடல்நீர் கொள்வது 7க்கும் குறைவு. வெப்பம் கூடினால் அதுவும் குறையும். எங்கள் பகுதியின் சித்திரை வெயிலில் இது பெருந்தொல்லை. வீட்டின் குளிர்ந்த மூலையில் தொட்டியை வைத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால், மண்பானை நீர் குளிர்வதுபோல் தொட்டி நீரும் குளிரும். 28 பாகையைத் தாண்டவிடாமல் காப்பது நன்று.

மின்சாரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். தொட்டிக்குச் செல்லும் மின்னிணைப்பில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் தடுப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டிக்குள் கைவிடுமுன் இணைப்பை நிறுத்துங்கள். இளைஞர்கள் இதனைப் பெரியவர் துணையின்றிச் செய்யலாகாது.

நீர் ஆவியாதல் மற்றொரு பாடம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கோடையில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் குறைவதாகக் கொள்வோம். பத்து நாளில் ஏறத்தாழ 40 லிட்டர் போய்விடும். 160 லிட்டரில் இருந்த உப்பு 120 லிட்டரில் செறியும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 47 கிராம் ஆகும். ஆகையால் குறைந்த நீருக்குப் பதிலாக உப்புநீரை ஊற்றக்கூடாது. தூய நன்னீரை நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். முதல் மழை மாடியைக் கழுவிச் சென்றபின் சேர்த்த மழைநீர் இதற்கு நல்லது.

நான்காவது, தொட்டிக்குள் எவற்றை வைப்பது? இங்கேதான் சட்டமும் மனச்சான்றும் வந்து நிற்கின்றன. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், நுண்ணுயிர் படிந்த கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியைக் காக்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். உலகெங்கும் அது பரவியது. ஆனால் நம் நாட்டில் பவளங்களை, அவை உயிருள்ளவையாயினும் செத்தவையாயினும், எடுக்கவோ விற்கவோ கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் பாறையமைக்கும் பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள், கடலட்டைகள் ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எவரேனும் கடற்குதிரை தருவதாகக் கூறினால் அது குற்றமென்று அறிக.

பவளப்பாறை இல்லாமல் தொட்டி அழகாகாதோ என்று ஐயுற வேண்டா. நன்கு சுட்ட மண்சட்டி ஓடுகளும், கழுவி வேகவைத்து உலர்த்திய ஆளி ஓடுகளும் நுண்ணுயிர் தங்கப் போதுமான இடம் தரும். ஆளி ஓடு சிறிது சிறிதாகக் கரைந்து கால்சியமும் அளிக்கும். எங்கள் தொட்டியில் மீன்கள் ஒளிந்து விளையாடுவது உடைந்த பூந்தொட்டி ஒன்றிலேதான்.

மீனைப் பொறுத்தவரை, கடலில் பிடித்த மீனை வாங்காமல் குஞ்சுப்பண்ணையில் பிறந்த மீனையே வாங்குங்கள். இவ்வகையில் நாம் நற்பேறு பெற்றவர்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும், கோமாளி மீன்களைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளை வகுத்துள்ளனர். கோமாளி மீன் கடலில் கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அடைக்கலம் கொண்டு வாழ்வது. பண்ணையில் பிறந்தது கடற்சாமந்தி இன்றியும் வாழும். நாம் இடும் உணவுக்குப் பழகியும் இருக்கும். முதல் தொட்டிக்கு அதில் ஒரு சோடி போதும்.

அம்மீனின் வாழ்க்கை வியப்புக்குரியது. எல்லாக் கோமாளி மீன்களும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. பெண் இறந்தால் அதன் துணையாயிருந்த ஆண், பெண்ணாகிவிடும். கல்லில் ஒட்டியிட்ட முட்டைகளுக்கு ஆண்மீனே காவலிருந்து, ஏறத்தாழ ஒரு வாரம் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கடல்மீன் நீர் நடுவே இருந்தும் ஓயாமல் நீரிழப்பது. தன் உடலைவிட உப்பு மிகுந்த நீர் அதைச் சூழ்ந்திருப்பதே காரணம். ஆகவே அது கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. கடல்மீன் நீர் குடிக்கிறது என்பதை ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் 1930இல் காட்டினார். சவ்வூடுபரவல் என்று பாடநூலில் படிப்பது இதுவே.

புதிய மீன் வந்ததும் அதனை உடனே தொட்டியில் கொட்டக்கூடாது. அது வந்த நீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்க வேண்டும். உணவு சிறிதளவே தருக. இரண்டு நிமிடத்தில் உண்ணும் அளவு போதும். உண்ணாமல் எஞ்சுவது அம்மோனியாவாகும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை, அதே உப்பளவும் வெப்பமும் உடைய புதுநீரால் மாற்றுக.

இவ்வளவு செய்தும் இடர் வாராது என்று உறுதி கூற இயலாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. எங்கள் அண்டை ஊராகிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வயலும் வீடும் நீரில் மூழ்கிய மக்களின் துன்பத்தின்முன் இரண்டு சிறு மீன்களின் துன்பம் ஒரு பொருட்டாகாது. பகலில் வீட்டிலிருந்தோர் பக்கத்துத் தெருவினர்க்குச் சோறு பொங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தோம். ஆயினும் நாமே அழைத்துவந்து அடைத்துவைத்த உயிரைக் கைவிட வழியில்லை.

இதற்கென்றே வாங்கிவைத்த மின்கலக் காற்றுக்குழாய் முதல் இரவுக்கும் மறுநாள் பகலுக்கும் போதுமானதாயிருந்தது. அதன்பின் கைகளே துணை. மோட்டார் நின்றால் மீன் மட்டுமன்று, பிராணவாயுவின்றி வடிகட்டியின் நுண்ணுயிர்களும் மடியத் தொடங்கும். ஆகவே மீனுக்கு உணவிடுவதை அறவே நிறுத்தினோம். அரைமணிக்கொருமுறை ஒரு சொம்பால் தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றினோம். வடிகட்டியின் வழியும் அந்நீரைச் செலுத்தினோம். இரவில் என் மனைவியும் நானும் பேரக்குழந்தைகளும் முறைவைத்து விழித்திருந்தோம். அன்னா தைன் வீட்டுப் பணிப்பெண்ணின் கதையைக் குழந்தைகளுக்கு அப்பொழுதுதான் சொன்னேன். “அந்த அம்மா தினமுமா தாத்தா இப்படி ஊத்துனாங்க?” என்று பேரன் கேட்டான். நான்காம் நாள் விளக்கெரிந்தபோது இரண்டு மீன்களும் நலமாயிருந்தன. பேத்தி உடனே நீரைச் சோதித்தாள். அம்மோனியா சிறிது தலைகாட்டியிருந்தது. நீரில் கால் பங்கை மாற்றினோம். மூன்று நாளில் அது அடங்கியது.

இறுதியாக ஒன்று. வளர்க்க இயலாமற்போனால் மீனைக் கடலிலோ கழியிலோ விடாதீர்கள். இந்தியப் பெருங்கடலையும் பசிபிக் கடலையும் சேர்ந்த சிங்கமீன், 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையருகே காணப்பட்டது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டது என்றே அறிஞர் கருதுகின்றனர். இன்று அது கரீபியன் கடலெங்கும் பெருகி, அங்குள்ள சிறுமீன்களை அழித்துவருகிறது. வேண்டாத மீனை வளர்க்க வல்ல வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

மாணவர்களே! கோமாளி மீன் நன்கு காத்தால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வாங்கும் மீன், நீங்கள் பட்டம் பெறும் நாளிலும் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். விடுதிக்குச் சென்றால் அதனை யார் காப்பார்? கோடையில் வெளியூர் போனால் நீரூற்றுபவர் யார்? இக்கேள்விகளுக்கு வீட்டாரோடு அமர்ந்து விடை கண்டபின் தொடங்குங்கள். விடை இல்லையெனில் தொடங்காதிருப்பதும் அறிவுடைமையே; தாழ்நீர் நேரத்தில் கடற்கரைக்குச் சென்று, எதையும் எடுக்காமல் ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் கற்பதற்கு நிறைய உண்டு. தொடங்குவதாயின் முதலில் ஓர் அடர்த்திமானியும் ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். பிறகு தொட்டி, பிறகு நீர், பிறகு நாற்பது நாள் பொறுமை. மீன் கடைசியாக வரட்டும்.